நினிவேயை மன்னித்த வரி

அன்புள்ள பிலோமினாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தம்பி ரெக்ஸ் இப்போது கம்பு ஊன்றியாவது நடக்கிறானா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் எனக்கு வந்தது. நினிவே நகரம் அழியப்போகிறது என்று யோனா அறிவிக்கும் பகுதி. மைக் முன்னால் போய் நின்றால், முன்வரிசையில் சூப்பர்வைசர் இயேசுதாசன். ரெக்ஸை பெல்ட் இல்லாமல் சாரத்தில் ஏற்றிவிட்ட அதே ஆள். அவன் விழுந்த பிறகுதான் இவர் கோயிலுக்கு வர ஆரம்பித்திருக்கிறார்.

நகரம் அழியும் என்பதுவரை வாசித்தேன். சனங்கள் மனம் திரும்பியதையும் கடவுள் மன்னித்ததையும் விட்டுவிட்டு, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்தேன். எல்லோரும் வழக்கம்போல "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள்.

வெளியே வந்ததும் அவர் மட்டும் என்னிடம் வந்தார்.

"கடைசி வரிய விட்டுட்டீங்க லா, ஞானம். அதக் கேக்கத்தான் வந்தேன்."

"மறந்துட்டேன் சார்."

கடவுளுக்கென்ன, சுலபமாக மன்னித்துவிடுவார். சாரத்திலிருந்து விழுந்தது அவர் மச்சானா?

தேக்கா கடைத்தெருவில் வாங்கிய தைலத்தை, லீவில் ஊருக்கு வரும் செல்வத்திடம் கொடுத்திருக்கிறேன், ரெக்ஸுக்குத் தேய்த்துவிடு. செல்வம் திரும்பும்போது என் பழைய மூக்குக் கண்ணாடியை அவனிடமே கொடுத்தனுப்பு. அடுத்த மாதமும் வாசகம் எனக்குத்தான்.

வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, நான் விட்ட அந்த வரியை ரெக்ஸை வாசிக்கச் சொல். அவன் வாயில் அது வந்தால் நானும் வாசிக்கிறேன்.

ஞானம்