நீலப் பாகற்காய்

நேற்று போளூரில் புது மூக்குக்கண்ணாடி வாங்கினேன். கடைக்குள் இருக்கும்வரை சாதாரணக் கண்ணாடி. வாசலில் இறங்கி வெயில் பட்டதும் தானாகக் கறுத்துக்கொள்கிறது. "உள்ள வந்தா மறுபடி வெள்ளையா ஆயிடும் மேடம்" என்று கடைக்காரர் ஏதோ தானே கண்டுபிடித்தவர் மாதிரி விளக்கினார். நான் நம்பாதவள் போல வாசலுக்கும் கடைக்கும் நடையாய் நடந்தேன். நீ இருந்திருந்தால் அந்த மனிதரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பாய். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம் பேச வேண்டியதை இனி இப்படி எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. பாப்பம்மா அக்கா வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த நீ மெட்ராஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். ஒரு மார்கழி மாதம், கடிதம்கூடப் போடாமல், கறுப்புத் துணி சுற்றிய பெட்டியோடு வந்து இறங்கினாய். "இன்னாடி இது, சீர்வரிசையா?" என்று கேட்டேன். "வாயை மூடிக்கிட்டுக் கதவையும் மூடு" என்றாய்.

பெட்டிக்குள் சிலேட்டு அளவில் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய பூச்சு. வெயில் பட்டால் பூச்சு நீலமாகும். நிழலில் வைத்தால் மெல்ல மெல்லப் பழையபடி தெளிந்துவிடும். நீ ஒரு பாகற்காயை வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லையையும் கறுப்புக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்த வடிவத்தில் ஓட்டை வெட்டியிருந்தாய். ஒரு தகட்டின் மேல் ஒரு காகிதத்தை வைத்து வெயிலில் காட்டினால் ஒரு வில்லை நீலமாக விழும். எல்லாத் தகடுகளையும் வரிசையாக அடுக்கிவிட்டால் உள்ளே முழுப் பாகற்காய் நிற்க வேண்டும். "படம் இல்லடி, பொருள். சுத்தி வந்து பார்க்கலாம். நாளைக்கு டாக்டருங்க உடம்பைக்கூட இப்படிப் பார்ப்பாங்க" என்று கண் மின்னச் சொன்னாய். எனக்கென்னவோ சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு படித்துவிட்டு, கடைசியில் பாகற்காயா?

மெட்ராஸில் அது நிற்கவில்லை. சூடு பட்டால் நீலம் சீக்கிரம் கலைந்துவிடும். கடைசித் தகட்டை வெயிலில் காட்டி முடிப்பதற்குள் முதல் தகடு வெறுங்கண்ணாடி ஆகிவிடும். அதனால்தான் குளிரைத் தேடி மலைக்கு வந்தாய். உன் பேராசிரியருக்கோ பொறுமை போய்விட்டது. "உங்க பூச்சு நாலு வெயிலுக்குத் தாங்காது" என்பது அவர் வழக்கமான பேச்சு. திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தவர், மறுநாள் மதியம் காரில் மலைக்கு வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அன்று வடிவம் நிற்காவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டியதுதான். சந்தவாசலில் உன் அண்ணனும் அதையேதான் சொல்லியிருந்தார்: இந்தத் தடவையும் ஆகவில்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடு, கல்யாணத்தைப் பார்க்கலாம்.

மறுநாள் காலை, கறுப்புக் காகிதம் போதவில்லை என்று நாம் கடைக்குப் போனோம். திரும்பி வந்தால், வீட்டுக்கு முன்னால் சாமை காயவைக்கும் பாறையில் உன் தகடுகள் அத்தனையும் வரிசையாக, கருநீலமாக, மல்லாந்து கிடந்தன. பாப்பம்மா அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தார். "துணியெல்லாம் பனியில நனைஞ்சி கண்ணாடி வேர்த்துப் போச்சும்மா. அதான் நல்லா காயட்டும்னு வெச்சேன்" என்றார். அந்த வீட்டில் ஈரமான எதுவும் பாறைக்குத்தான் போகும். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால், வெயில் அதிகம் பட்டால் பூச்சு செத்துப்போகும், பிறகு நீலமே பிடிக்காது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். புதிதாகப் பூச மருந்தும் கையில் இல்லை.

நீ அழவில்லை. தகடுகளை அள்ளி உள்ளே கொண்டுபோனாய். "அக்கா, வெந்நீர் அடுப்புல நெருப்பு கீதா?" என்று கேட்டாய். எந்தச் சூட்டுக்குப் பயந்து மலை ஏறினாயோ அந்தச் சூட்டிடமே போய் நின்றாய். கதவைச் சாத்திவிட்டு, அடுப்பை ஒட்டிய மண்சுவரில் தகடுகளைச் சாய்த்துவைத்தோம். மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கருநீலம் வெளுத்து, வெளிர்நீலமாகி, கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. ஒரு தகடு மட்டும் லேசாக மஞ்சளித்துப்போயிருந்தது. பாப்பம்மா அக்கா கும்பிட்டார். யாரை என்று கேட்கவில்லை.

மதியம் பேராசிரியர் வந்தார். தகடுகளைக் குளிரவைத்து, ஒவ்வொன்றாக வெயிலில் காட்டி, நிழலில் அடுக்கினாய். கடைசித் தகடும் ஏறியபோது, கண்ணாடிக்குள்ளே நீல நிறத்தில் ஒரு பாகற்காய், முள்ளும் விதையுமாக நின்றது. "அய்ய, பாவக்காய்!" என்று பாப்பம்மா அக்கா சுற்றிச் சுற்றி வந்தார். பேராசிரியரும் சுற்றி வந்தார். பிறகு குனிந்து, "இது ஏன் மஞ்சளா இருக்கு?" என்றார்.

நீ வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நான்தான் சார் வெயில்ல வெச்சிட்டேன். காத்தாலருந்து பாறை மேலதான் கெடந்திச்சி எல்லாம். பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"எல்லாத் தகடுமா? காலையிலிருந்தா?" பேராசிரியர் உன்னைப் பார்த்தார். "அவ்வளவு வெயிலுக்கு அப்புறமும் இது வேலை செய்யுதா?"

"ஆமா சார்."

அவர் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அப்ப இன்னும் எதுக்கு இங்க இருக்கீங்க? போய்த் தீசிஸை எழுதுங்க" என்றார்.

மறுநாள் உன்னை வேலூர்வரை கொண்டுவிட நானும் கிளம்பினேன். போளூரில் பஸ் மாறினோம். முன்பே பேசிவைத்திருந்தபடி, சந்தவாசலில் உன் அண்ணன் உன்னை அழைத்துப்போக நின்றிருந்தார். "எறங்கும்மா" என்றார். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். "அண்ணா, சார் எழுதச் சொல்லிட்டாரு. நான் மெட்ராஸ் போறேன்."

"நெசமாவா சொன்னாரு?"

"நெசமாதான்ணா."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அண்ணன் சட்டென்று தோளில் கிடந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக நீட்டினார். "பொட்டிய ஏன் இப்டி வெயில்ல வெச்சினு கீற? இத்தப் போட்டு மூடிக்க. போய்ட்டு காயிதம் போடு."

பஸ் கிளம்பியது. நீ துண்டைப் பெட்டிமேல் போர்த்தி, நாலு பக்கமும் செருகி, என் தோளில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாய். வீட்டில் நீ வெயிலையும் பூச்சையும் பற்றிப் பேசியதையெல்லாம் அந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டுத்தான் இருந்திருக்கிறார்.

உன்னை நினைத்தாலே இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த முகம்தான் முன்னால் வந்து நின்றது. நேற்றிலிருந்து அது வரவில்லை. துண்டு போர்த்திய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தவள்தான் வருகிறாள். இனி நான் வைத்துக்கொள்ளப்போவது அவளைத்தான்.