யென்ட்ரி செய்த வளையம்

துரியால்பா,
நவம்பர் 9.

அன்பு மகள் யென்ட்ரிக்கு அம்மா எழுதுவது.

தேவமாதாவின் காவலில் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். பதினோரு நாளாக மழை விடவில்லை. அப்பா பால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் கொட்டகை முழுக்கக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார். வண்டியைவிடச் சட்டைக்குத்தான் இப்போது மரியாதை என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார்.

இதையெல்லாம் கைபேசியில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வரும் குரல் செய்திகளை அப்பா சமையலறையில் சத்தமாக வைத்துக் கேட்கிறார். நான் பேசி அனுப்பினால் உன் பக்கத்திலும் யாராவது இருப்பார்கள். உன் தொழில் கூட்டாளி பிரிசிலா சனிக்கிழமை நீ இருக்கும் சாந்தியாகோவுக்கு விமானம் ஏறுகிறாளாம். இந்தக் கடிதத்தை ஒட்டி அவளிடம் கொடுக்கிறேன்.

உன் கருவியைச் சோதித்துப் பார்க்க முப்பது பெண்கள் வேண்டும், பதினாறு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், நம் ஊரில் நாலு பேரையாவது கூட்டு என்று கேட்டிருந்தாய். கூட்டினேன். எப்படிக் கூட்டுவது என்று தெரியாமல் ஜெபமாலைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லிவிட்டேன். பிறகு மனசு உறுத்தியது. ஆகவே வந்தவர்களோடு உட்கார்ந்து முதலில் முழு ஜெபமாலையும் சொன்னோம். உன் சோதனைக்குப் பெயர் எழுத வந்த செவிலி கிரெட்டெல் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். அப்பாவை அதற்கு முன்பே கால்பந்து பார்க்கப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

காபியும் பாலாடைக்கட்டியும் வைத்த பிறகு கிரெட்டெல் உன் வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒருவரும் தொடவில்லை. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாளே ஸெனெய்தா, அவள்தான் வாயைத் திறந்தாள். "ஏன் ஒடிலி, பொண்ணு இவ்வளவு படிச்சது குக்கர் ரப்பர் செய்யத்தானா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மன்னித்துக்கொள்.

கிரெட்டெல் சிரிக்கவில்லை. கர்ப்பப்பை கீழே இறங்கினால் தாங்கிப் பிடிக்க உள்ளே வைப்பது இது என்றாள். "ஆஸ்பத்திரியில வைக்கிற வளையத்த எடுக்கவும் கழுவவும் நீங்க திரும்பத் திரும்ப எங்ககிட்டதான் வரணும். இத நீங்களே மடிச்சு வச்சுக்கலாம், நீங்களே எடுத்துக் கழுவலாம். யார் முன்னாடியும் படுக்க வேண்டாம்" என்று விளக்கினாள்.

அப்போது லிடியெத் பேசினாள். பந்து ஆலையில் பத்தொன்பது வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தைத்தவள். அவள் பேசிப் பத்து வார்த்தை கேட்டிருக்க மாட்டாய். "கோயில்ல நான் முட்டி போடாம கடைசில நிக்கிறேனே, பக்தியில்லன்னுதான் எல்லாரும் நெனச்சீங்க. எனக்குத் தெரியும். முட்டி போட்டு எந்திரிச்சா எறங்கிடுது. ஒதுக்குப்புறமாப் போயி கையால தள்ளி விட்டுக்கிட்டுதான் வீட்டுக்கு நடக்கிறேன். உலகத்துல எனக்கு மட்டுந்தான் இப்பிடின்னு இருந்தேன்" என்றாள்.

பிறகு ஸெனெய்தா அந்த வளையத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "எனக்கும்தான்டி. எத்தன வருஷம்னு கேக்காத, வயசு தெரிஞ்சிரும்" என்றாள். அப்புறம் ஒருத்தி மாற்றி ஒருத்தி. இருமலுக்குப் பயந்தவள், பேரனைத் தூக்காதவள், மகள் கல்யாணத்தில் உட்கார முடியாமல் நின்றே தீர்த்தவள். நான் மூன்று தடவை சமையலறைக்குப் போய் யாரும் கேட்காத காபி போட்டேன்.

ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். நீ கேட்டது நாலு. கடைசியில் கிரெட்டெல் என்னைப் பார்த்து, "ஒடிலியம்மா, உங்க பேரு?" என்றாள். "நான் அவ அம்மா, என் பேரச் சேத்தா சோதனை செல்லாதே" என்றேன். அவள் நோட்டை மூடினாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்த வயதுப் பெண்கள் கூச்சத்தில் எதையும் வாங்க மாட்டார்கள், இதையே இளம்பெண்களுக்கான உடற்பயிற்சிச் சாமானாக மாற்று, பணம் போடுகிறேன் என்று அந்த முதலீட்டாளர் சொல்வதாக எழுதியிருந்தாய். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். நான் என்ன சொல்ல? பணம் வராவிட்டால் நீயும் பிரிசிலாவும் கடையை மூட வேண்டும் என்பது புரிகிறது. காலையில் மாவு பிசையும்போது வாங்கிக்கொள் என்று தோன்றுகிறது. மத்தியானம் லிடியெத் தெருவில் போவதைப் பார்த்தால் வேண்டாம் என்று தோன்றுகிறது. அந்த மனிதர் கூச்சத்தைப் பற்றிச் சொன்னது பொய்யும் இல்லை. அது எனக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

நீ நல்ல வேலையை விட்டு இதைத் தொடங்கப்போவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். நான்தான், "உடம்புல உனக்கு வேற எடமே கெடைக்கலையா? ஊர்ல தல காட்ட முடியாமப் பண்றியே" என்றேன். நீ சாப்பிடாமல் பேருந்துக்குப் போனாய். அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை மகளே. உனக்குத் தெரிந்துவிட்டது என்கிற பயம்.

நீ பிறக்கும்போது நாலு கிலோ இருநூறு. அதற்கு அடுத்த வருடத்திலிருந்தே எனக்கு இது இருக்கிறது. உன்னால் என்று மட்டும் நினைக்காதே. அப்படி நினைத்துவிடுவாயோ என்றுதான் முப்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். திருவிழாவில் அவர் கை நீட்டினால் ஆட மாட்டேன் என்பேனே, அவரோடு ஆடப் பிடிக்கவில்லை என்று இன்றுவரை நினைக்கிறார். அதைக்கூட நான் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை கிரெட்டெல்லிடம் போகிறேன். என் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும். செல்லாது என்றால் தனியாக ஒரு தாளிலாவது எழுதட்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. முதலீட்டாளருக்கு என்ன பதில் என்றும் தெரியவில்லை. இத்தனை வயதில் ஒன்றும் தெரியாத அம்மாவிடம் யோசனை கேட்டுவிட்டாய்.

ஒன்று மட்டும் எழுது. உனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒருநாள் குளியலறைக் கதவைத் திறந்தாய். லிடியெத் சொன்னாளே, அதைத்தான் உள்ளே செய்துகொண்டிருந்தேன். நான் சத்தம் போட்டேன், நீ ஓடிவிட்டாய். அன்று பார்த்தாயா? பார்த்திருந்தால், இருபது வருடம் எதுவும் கேட்காமல் இதைச் செய்து முடித்த பிள்ளையை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கவில்லை என்றால், இத்தனை நோய் இருக்க இது ஏன் உன் கைக்கு வந்தது என்றும் தெரியவில்லை. எதுவானாலும் கடவுள் அந்தக் கைகளுக்குத் துணையிருக்கட்டும்.

உன்னை நெஞ்சில் அணைத்து முத்தமிடும்
அம்மா,
ஒடிலி.