என் பங்கு மூன்று குடம்

11-11-1974, திங்கள்

கண்மாய்க் கரையில் மடைவரை போய்த் திரும்பினேன். போகும்போது நடை, வரும்போது ஓட்டம். இடுப்பு வலித்தது. ஆனால் வீட்டில் படுத்துக் கிடந்த நாட்களைவிடக் குறைவாகத்தான் வலித்தது. பஸ் படியிலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது. "நடக்கலாம். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது" என்றார் மதுரை டாக்டர். ஓடலாமா என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

கல்லூரியில் ஓடியது இருபது வருஷத்துக்கு முன்னால். கால்களுக்கு அது மறக்கவில்லை.

24-11-1974, ஞாயிறு

ஐப்பசியும் மழையில்லாமல் போயிற்று. பாளையம்பட்டியில் எங்கள் பக்கத்துக்கு இப்போது ஒரே ஒரு கிணற்றில்தான் குடிதண்ணீர். ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள்: பெண் ஒருத்திக்கு மூன்று குடம். அவளே வரிசையில் நின்று, அவளே இறைத்துக்கொள்ள வேண்டும். ஆள் மாற்றி அனுப்பக்கூடாது.

எனக்கு மட்டும் விலக்கு. கிணற்றுக் காவலுக்கு இருக்கும் மொக்கையன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "டீச்சரம்மாவுக்கு இடுப்பு சரியில்ல. அவுக பங்கையும் சந்தனமே எடுத்துக்கிடட்டும்."

சந்தனம்மாள் என் கொழுந்தன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தன் மூன்று குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்று என் மூன்றையும் எடுத்து வருகிறாள். "ஆறு குடம் ஒரு சுமையாக்கா? திருச்சுழிப் பக்கம் எங்க ஊர்ல கிணறே ஒரு மைல்" என்கிறாள்.

3-12-1974, செவ்வாய்

எங்கள் பள்ளி டிரில் டீச்சர் கஸ்தூரி என் பேரைக் கொடுத்துவிட்டாள். விருதுநகரில் ஆசிரியர்கள் விளையாட்டு விழா, பிப்ரவரி எட்டாம் தேதி. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு எண்ணூறு மீட்டர். "கேட்டா முடியாதும்பீங்க. அதான் கேக்கல" என்றாள். கோபப்படுவதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் என்ன சந்தோஷம்!

8-12-1974, ஞாயிறு

வலி. பலகையில் படுத்தே கிடந்தேன். தவிட்டு ஒத்தடம் கொடுத்தது சந்தனம்தான்.

19-12-1974, வியாழன்

கிணற்றடியில் இன்று நடந்ததைச் சந்தனம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். மொக்கையன் கேட்டாராம்: "ஏத்தா, ஒங்க அக்கா கரைமேல குதிரையாட்டம் ஓடுறாக. நீ பொதி மாடாட்டம் ரெண்டு நடை சொமக்க. இது என்ன வைத்தியம்?" இவள் விடவில்லையாம்: "டாக்டர் சொன்ன வைத்தியம்ணே. ஒமக்கும் வேணும்னா ஓடும். தொந்தியாவது கரையும்."

வரிசையே சிரித்ததாம். நானும் சிரித்தேன். டாக்டர் ஓடச் சொல்லவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

14-1-1975, செவ்வாய். பொங்கல்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் கடையிலிருந்து வந்த வெல்லச் சிப்பம் வாசலை மறித்துக் கிடந்தது. கோலம் போட இடம் வேண்டும் என்ற அவசரத்தில் குனிந்து தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. குடத்தைவிடக் கனம் கூடுதல். அப்படியே நின்று வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்து என்ன செய்தேன்? யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

யாரும் பார்க்கவில்லை. பிப்ரவரி எட்டாம் தேதி முடியட்டும் என்று இருக்கிறேன். இடையில் குடம் தூக்கப் போய் மறுபடி பிடித்துக்கொண்டால் இரண்டு மாத ஓட்டமும் வீண். மூன்று வாரம்தானே. மூன்று வாரம் யாருக்கு? எனக்கா, சந்தனத்துக்கா?

26-1-1975, ஞாயிறு

இடுப்புக்கு டாக்டர் கொடுத்த இடைவாரைக் கட்டி, நிற்காமல் இரண்டு தரம் மடைவரை ஓடி வந்தேன். கடைசியில்கூட மூச்சு மீதமிருந்தது.

சந்தனம் கொடியில் துணி போடும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொள்கிறாள். "என்ன சந்தனம்?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, வாய்வு" என்றாள். வாய்வு என்பதை நம்பிக்கொண்டேன்.

7-2-1975, வெள்ளி

இரண்டாம் நடையில், என் பங்குத் தண்ணீரை இறைக்கும்போது, சந்தனம் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாளாம். இரண்டு பெண்கள் தாங்கிக் கூட்டி வந்தார்கள். நிமிர முடியவில்லை. காலில் விறுவிறுவென்று இறங்குகிறது என்கிறாள். எனக்குத் தெரியாத வலியா அது?

நாளை போகவில்லை என்றேன். என் கணவர், "பேரு குடுத்தாச்சு, போய்ட்டு வா. வீட்டப் பாத்துக்கிட நாங்க இல்லையா" என்றார். சந்தனம் படுத்தபடியே, "போய் ஓடுங்கக்கா. நான் என்ன செத்தா போனேன்? செயிச்சுட்டு வந்து காட்டுங்க" என்றாள்.

இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

8-2-1975, சனி

ஐந்து பேர் ஓடினோம். சேலையைத் தூக்கிச் செருகி, நாலு ஊக்கு குத்தியிருந்தேன். முதல் சுற்றில் கடைசி. இரண்டாவதில் இருவரைத் தாண்டினேன். மூன்றாம் இடம். பரிசு ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா. கஸ்தூரி கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள்.

இடுப்பு ஒன்றும் செய்யவில்லை. ஓடி முடிக்கும்வரை சந்தனத்தை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பஸ்ஸில் பாலவனத்தம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது.

10-2-1975, திங்கள்

வரிசையில் நின்று என் மூன்று குடத்தை இறைத்தேன். விலக்கு இப்போது சந்தனத்துக்கு; மறுபடி கடைசியில் போய் நின்று அவளுடைய மூன்றையும் இறைத்தேன். ஆறும் வீடு வந்து சேர்ந்தது.

வலிக்கவில்லை. கொஞ்சமாவது வலித்திருக்கக்கூடாதா?

மொக்கையன், "டீச்சரம்மா, இடுப்பு எப்ப சரியாச்சு?" என்றார். "இப்பத்தான்" என்றேன். ஏன் இப்படிச் சொன்னேன்? பெண்களெல்லாம் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள்.

12-2-1975, புதன்

சொல்லிவிட்டேன். ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் முகம் சுவர்ப்பக்கம் இருந்தபோது, அந்தத் தைரியத்தில். "சந்தனம், எனக்குப் பொங்கலன்னைக்கே சரியாயிருச்சு. சிப்பத்தத் தூக்கிப் பாத்தேன். ஓட்டத்துக்காகத்தான் சொல்லாம இருந்தேன்."

கையைப் பின்னால் நீட்டி ஒத்தடத் துணியை வாங்கிக்கொண்டாள். அப்புறம், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஓட்டம் முடியிறவரைக்கும் நானே எடுக்கேன்னு நானே சொல்லியிருப்பேனே" என்றாள்.

திட்டியிருக்கலாம். ஐயோ, திட்டித் தொலைத்திருக்கலாம் அவள்.

2-3-1975, ஞாயிறு

ஆறு குடம். ஓடவில்லை. சந்தனம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைவரை நடந்தாள். என்னிடம் தேவைக்குமேல் ஒரு சொல் இல்லை. கிணற்றடிக் கதைகளையும் கேட்பதில்லை.

24-3-1975, திங்கள்

அவளையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இன்று முதல்முறையாகக் கரைக்குக் கூட்டிப் போனேன். என் இடைவார் அவள் இடுப்பில். பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். பக்கத்தில் நானும் நின்றேன்.

"எனக்காக நிக்காதீக. நீங்க ஓடுங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னதாக எழுத ஆசை. ஆனால் ஓடினேன். ஒன்றரை மாதம் ஓடாத கால்கள், அவள் சொன்னதுமே கிளம்பிவிட்டன. மடையைத் தொட்டுத் திரும்பி வரும்போது எதிரே அவள். கரை அங்கே ஒற்றையடிதான். எனக்கு வழிவிட, சரிவில் ஒரு காலை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அங்கே நின்றேன். கை கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடித்தாள்.

"மணியாகலையா? பள்ளிக்கூடத்துக்குப் போக வேணாமா?" என்றாள்.

"லேட்டாப் போறேன்" என்றேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வீடு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.