ஏழு மணியை யார் சொல்வது

இந்தக் கடிகாரத்தை நீங்கள் திருடித்தான் கொண்டுவந்தீர்கள், அக்கா. குவைத்தில் வீட்டு வேலை செய்த இடத்திலிருந்து, உடுப்புகளுக்கு நடுவே சுருட்டி வைத்து. அதை நீங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. "ஒம்பது வருசம் என் பாஸ்போட்ட அவங்க வச்சிருந்தாங்க. அவங்க கடியாரத்த நான் கொண்டாந்துட்டேன். சரிக்குச் சரி" என்பீர்கள்.

இன்று காலை கடையைத் திறந்ததும் அதன் பெட்டரி மூடியைக் கழற்றினேன். உங்கள் கைத் தைல வாசனை அடித்தது. நீங்கள் போய் நான்கு மாதமாகியும் அது போகவில்லை. பெட்டரி போட்டுத் தலையில் இருந்த பட்டனை அழுத்தினேன். உள்ளிருந்து மணி சொல்லும் இங்கிலிஷ்காரி பன்னிரண்டு மணி என்றாள். இத்தனை நாள் பெட்டரி இல்லாததில் அவளுக்கு நேரம் மறந்துவிட்டது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் நானும் உங்களோடு தேயிலைக் கொழுந்து எடுக்க வந்தேன். காலை ஏழு மணிக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பேர் பதிவார். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். களத்துச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவது எல்லோருக்கும் தெரியும். எல்லார் கையிலும் போனும் இருந்தது. காட்டினால், "ஒங்க போனெல்லாம் பிழை" என்பார்.

அன்று நம் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நீங்கள் பைக்குள்ளிருந்து இதை எடுத்து அவர் மேசையில் வைத்து அழுத்தினீர்கள்.

"இட்ஸ் சிக்ஸ் ஃபிஃப்டி டூ ஏ.எம்."

கண்டாக்கு நிமிர்ந்து பார்த்தார். "இது என்னா?"

"தொரசாணி பேசுறாங்க ஐயா. ஏழாக இன்னும் எட்டு நிமிசம் இருக்குதாம்."

களமே சிரித்தது. "நாங்க சொன்னாத்தானே பிழை. அவங்ககிட்டயே கேட்டுக்கங்க" என்று இன்னொரு தடவை அழுத்தினீர்கள். அவர் ஐந்து பேரையும் பதிந்தார். மறுநாள் சுவர்க் கடிகாரம் சரியாக ஓடியது. ஒரு கிழமைக்கு மட்டும். மலையேறிக் கொழுந்து எடுக்கிறவள் சொன்னால் பொய், பிளாஸ்டிக் பெட்டி இங்கிலிஷில் சொன்னால் உண்மை. அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். லயத்துக்கு வந்த பிறகு அதை நினைத்து எரிந்தது.

பிறகு சீனி வருத்தம் முற்றி உங்கள் கண் போனது. யாரையோ பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, தலவாக்கலையில் என் போன் திருத்தும் கடைக்கு வந்தீர்கள்.

"இவள மாத்திரு புள்ள."

"எவளக்கா?"

"தொரசாணியத்தான். இருட்டுக்குள்ள ஒக்காந்திருக்கேன். மணி சொல்றவளாச்சும் நம்ம பாஷையில சொல்லட்டும்."

"யாரு குரல வைக்கிறது?"

"ஏன், என் குரலுக்கு என்னா கொற?"

என் போனில் உங்கள் குரலைப் பதிந்தோம். நிமிடங்கள் வேண்டாம் என்றீர்கள். "நிமிசமெல்லாம் கண்டாக்குக்கு. நமக்கு மணி போதும்." ஒன்று முதல் ஆறு வரை சொன்னீர்கள். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு.

"ஏழ விட்டுட்டீங்கக்கா."

"தெரியும்டி. அத கடசியில சொல்றேன். அதுக்கு வேற தொண்ட வேணும்."

வெளியே உங்கள் லிந்துலை பஸ் ஹோன் அடித்தது. எழுந்துவிட்டீர்கள். வேலை தொடங்கும்போது கொண்டுவரச் சொல்லிக் கடிகாரத்தையும் உங்களிடமே தந்தேன்.

அன்று மாலை, எடுத்து வைத்திருந்த அதன் படத்தை இணையத்தில் போட்டேன். பழைய மின்சாதனங்கள் சேர்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து அழைத்தார். "தங்கச்சி, ஒரு ஸ்குரூகூட கழட்டாதீங்க. பேசுற கடிகாரங்கள்ல இது ஆகப் பழசு. இன்னும் பேசிக்கிட்டிருக்கிறது இந்த நாட்டுல வேற இருக்காது." எனக்கு அது இனித்தது. நம் லயத்தில் கிடக்கும் ஒன்றை அபூர்வம் என்று அதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் குரல் பதிந்த புதிய சர்க்கிட் தட்டை உள்ளே வைக்க வேண்டுமென்றால் அவள் குரல் இருக்கும் சிப்பின் கால்களை வெட்ட வேண்டும். வெட்டினால் திரும்ப ஒட்டாது. நீங்கள் அழைத்துக் கேட்கும்போதெல்லாம், "சாமான் இன்னும் வரலக்கா" என்றேன். சாமான் என் மேசை லாச்சியில்தான் இருந்தது. இரண்டு மாதம் உங்களிடம் பொய் சொன்னேன்.

உங்கள் கால் புண் முற்றிய செய்தி கேட்டு ஓடி வந்தேன். உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டிய தோட்டத்து லொறி கொழுந்தை ஃபெக்டரியில் இறக்கிவிட்டுத்தான் வரும் என்றார்கள். நீங்கள் நெஞ்சில் வைத்திருந்த கடிகாரத்தை அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். பத்து என்றாள். பத்தே முக்கால் என்றாள். பதினொன்றரை என்றாள். ஒரு நிமிடம் பிழையில்லை.

"நல்லாத்தான் சொல்றா. யாருக்குச் சொல்றாளோ" என்றீர்கள்.

கொழுந்து வாசனையோடு லொறி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

கொழும்புக்காரர் நேற்றும் அழைத்தார். கடிகாரத்தில் ஈரம் பட்டதா என்று கேட்டார். "அவங்க படுத்திருந்த மூலையில மழைக்கு ஒழுகும். கடிகாரமும் அங்கதான் இருந்துச்சு" என்றேன். "ஐயோ! கடிகாரத்துக்கு ஒன்னும் ஆகலியே?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

இன்று நான்கு ஸ்குரூவையும் கழற்றிவிட்டேன். கண்டாக்கு முன்னால் நமக்காகச் சாட்சி சொன்னவளும் இவள்தான். லொறி வராத நேரத்தைக் கூச்சமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தவளும் இவள்தான். கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுக்கிறேன், வைக்கிறேன். இன்னும் வெட்டவில்லை.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஏழு மணியை மட்டும் அவள் குரலிலிருந்து பதிந்து, உங்கள் பதினொரு மணிகளுக்கு நடுவே செருகலாம். செய்தும் பார்த்தேன். ஆறு மணி என்கிறீர்கள். 'செவன் ஓ க்ளொக்' என்கிறாள். எட்டு மணி என்கிறீர்கள். நாள் முழுவதும் உங்களுடையது, பெரட்டு மணி மட்டும் இன்னும் துரைசாணியிடம். கேட்டதும் அழித்துவிட்டேன். அந்த ஒன்றை அவளுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. என் குரலில் சொன்னாலும் அது உங்கள் கடிகாரம் இல்லை.

உங்கள் பதினொரு மணிகளும் என் போனில் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போதும் காதில் வைத்துக் கேட்கிறேன். ஆறுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

பதிவு பட்டனை அழுத்திப் போனை மேசையில் வைத்திருக்கிறேன். ஷட்டரை இறக்கிவிட்டேன், வெளிச் சத்தம் வராது. கடசியில சொல்றேன் என்றீர்களே. ஏழு சொல்லுங்கக்கா.