ஏழு மைலுக்கு எத்தனை வாட்

டிசம்பர் 4, 2020

கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. கொரோனாவுக்கு நிறுத்தின பஸ்ஸெல்லாம் ஓடுகிறது. இடஒதுக்கீடு கேட்டு மறுபடியும் மறியல் என்று டிவியில் காட்டுகிறார்கள். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாசம். உடம்பை அசைக்கணும் என்று டாக்டர் சொன்னதால் மகள் என்னை ஜிம்மில் சேர்த்துவிட்டாள். எழுபது வயசில் ஜிம்!

அங்கே சொல்லிக் கொடுக்கிற பொண்ணு ஷாலினி. தினமும் சைக்கிள் மிஷினில் எவ்வளவு மிதித்தேன், உடம்பு எப்படி இருந்தது என்று தேதி போட்டு எழுதணுமாம். "எனக்கு நம்பர்தாம்மா தெரியும், எழுத்து தெரியாது" என்றேன். போனில் மைக் படத்தைக் காட்டினாள். "இத அமுக்கிட்டுப் பேசுங்க தாத்தா, அதுவே எழுதிக்கும்."

பேசுகிறேன். எழுதுகிறதா?

டிசம்பர் 5

எழுதுகிறதாம். இன்று 35 வாட்.

டிசம்பர் 9

சைக்கிளில் 40 காட்டியது. "அப்ப நான் நாப்பது வாட் பல்பா?"

"ஆமா தாத்தா. மிதிக்கிறத நிறுத்தினா கரெண்டு கட்டு."

மிஷினுக்கு என் பலம் எப்படித் தெரியும்? விடவில்லை, கேட்டேன். ஒரு கிலோவை ஒரு செகண்டில் ஒரு மீட்டர் உசரம் தூக்கினால் சுமாராகப் பத்து வாட்டாம். இவ்வளவுதானா! சின்னசேலம் மண்டியில் இருபது வருஷம் மூட்டை தூக்கினவன் நான். அப்போது என்ன வாட்டில் இருந்திருப்பேன்?

டிசம்பர் 10

ஷாலினியிடம் சொன்னேன். மூட்டை எழுபத்தைந்து கிலோ, என் உடம்பு ஐம்பத்தைந்து. பலகை ஏறி மூணு மீட்டர் உசரத்துக்குப் பத்து செகண்டு. போனில் தட்டிப் பார்த்துக் கண்ணை விரித்தாள். "முன்னூத்தித் தொண்ணூறு! எவ்ளோ நேரம் தாத்தா?"

"காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்."

"சான்ஸே இல்ல."

"எறங்கி வர்றப்ப வெறுங்கைம்மா."

"அப்டி சொல்லுங்க. அதான் உங்க ரெஸ்ட்டு."

இறங்கி வருவது ஓய்வா? நாங்கள் யாரும் அதை ஓய்வென்று நினைத்ததில்லை.

டிசம்பர் 14

அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தேழு செப்டம்பர். அப்போதும் இடஒதுக்கீட்டுக்கு மறியல். ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் தியாகதுருகம் பக்கம். என் தங்கச்சி கமலாவைக் கடலைக்காட்டில் விரியன் கடித்துவிட்டது. பஸ் இல்லை, வண்டி இல்லை. கயிற்றுக் கட்டிலில் மூங்கில் கட்டி நாலு பேர் தூக்கினோம். நான், சின்னராசு, முனியன், அப்புறம் தங்கச்சி புருஷன். நாலு பேரும் மண்டி ஆட்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி ஏழு மைல்.

மண்டியில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தூக்கினதை அடுக்கும் இடம் சேராமல் கீழே வைக்கக் கூடாது. வைத்தவனை ஒரு மாசத்துக்குக் கேலி பேசுவோம். நான்தான் மேஸ்திரி. ஓடுங்கடா, வைக்காதீங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். தங்கச்சி புருஷன் ரெண்டு தடவை கேட்டான், "மச்சான், செத்த நேரம் கீழ வச்சி எடுத்துக்கினு போலாம்." மூணாவது மைலில் அவன் முழங்கால் மடங்கியது. கட்டில் சாய்ந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஓடவில்லை, ஊர்ந்தோம்.

"அரை மணி முன்னாடி வந்திருந்தா" என்றார் டாக்டர்.

பொணத்த வச்சிக்கினே அவன கேட்டேன். "கட்டுன பொண்டாட்டிய தூக்க வக்கில்ல, நீயெல்லாம் மண்டி ஆளாடா?" அவன் வாயே தெறக்கல. மலைக்கு, வெள்ளிமலைக்குப் போயிட்டான். முப்பத்தி மூணு வருஷமா பேச்சில்ல.

நான் கேட்பது இதுதான். அவன் கால் மடங்காமல் இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்போமா?

டிசம்பர் 21

ஷாலினி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, பாரத்தை ஏற்றி, அன்று ஓடின மாதிரியே மிதித்தேன். நாலு நிமிஷம் 110. அப்புறம் கால் கல்லாகிவிட்டது. மீதி பதினாறு நிமிஷமும் 20தான். ஓடி வந்து கத்தினாள்: "நெஞ்சுல இன்னா வச்சிருக்காங்கன்னு ஞாபகம் இருக்கா இல்லியா?" இருபது நிமிஷத்துக்குச் சராசரி 38.

டிசம்பர் 22

தொடை வலி. போகவில்லை.

டிசம்பர் 28

இன்று அவள் பக்கத்திலேயே நின்றாள். 60 வாட்டில் நாலு நிமிஷம், ஒரு நிமிஷம் சும்மா. மறுபடி நாலு, மறுபடி சும்மா. அதே இருபது நிமிஷம். சராசரி 48.

நின்னு நின்னு மிதிச்சவன் ஜாஸ்தி தூரம் போயிருக்கான்.

ஜனவரி 2, 2021

மூட்டைக்குத் திரும்பி வர வெறுங்கை உண்டு. அதனால் அந்தக் கட்டுப்பாடு அங்கே செல்லும். கட்டிலுக்கு ஏது வெறுங்கை? ஏழு மைலும் பாரம்தானே.

மண்டிச் சட்டத்த ரோட்டுக்கு எடுத்துக்கினு போனவன் நான். வைக்கலாம்னு சொன்னவன் அவன். இன்னாடா பண்ணி வச்சிருக்கேன்?

ஜனவரி 19

பொங்கல் கழிந்து வெள்ளிமலை பஸ் ஏறினேன். தங்கச்சி புருஷன் வீட்டு வாசலில் மரவள்ளி மூட்டை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நின்றபடியே 38ஐயும் 48ஐயும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இத சொல்ல மிஷின் வேணுமா மச்சான்? நான் அன்னிக்கே சொன்னேனே."

பிறகு ஒரு மரவள்ளிக் கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினான். "கமலாவும் சொல்லிச்சி. அண்ணன வைக்கச் சொல்லு, தல சுத்துதுன்னு. நீ முன்னால கத்திக்கினு ஓடுன, உனக்குக் கேக்கல."

"அத ஏன்டா அன்னிக்கே சொல்லல? அவ்ளோ பேசுனேனே!"

"நீ இருந்த இருப்புக்கு சொன்னா நாண்டுக்குவ. ஒரே நாள்ல ரெண்டு பொணமா மச்சான்?"

கருப்பட்டி போட்டு டீ கொடுத்தான். குடித்தேன்.

ஜனவரி 22

45 வாட், நிறுத்தி நிறுத்தி. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மிதித்தபடியே ஷாலினிக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டாள், "அந்தக் கட்டில் தூக்குனவங்கள்ல இப்ப யாரு தாத்தா இருக்காங்க?"

சின்னராசு போய்ப் பதினாறு வருஷம். முனியனைப் போன ஆடியில் கொரோனா கொண்டுபோனது. நான் இருக்கிறேன், இந்த நெஞ்சோடு. எனக்குப் பின்னாலும் இருக்க வேண்டியவன் ஒருத்தன் மலைமேல் இருக்கிறான். என் மச்சான், பிச்சைமுத்து.