கஞ்சி வாளிச் செடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை, அதைத் தனியாக விசாரித்துக்கொள். நாள் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பதறுவாய். பதறாதே, எனக்கும் ஒன்றும் இல்லை, கடைக்கும் ஒன்றும் இல்லை. போனில் சொல்ல வராத ஒரு விஷயம் இருக்கிறது. ஆரம்பித்தால் பாதியில் என் குரல் போய்விடும், நீ என்னப்பா என்னப்பா என்பாய், நான் வழக்கம்போல ஒன்றுமில்லை கண்ணு என்று சொல்லி வைத்துவிடுவேன். அம்மாவின் கஞ்சி வாளிச் செடியைப் பற்றியது. ஒரு வருடமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கிறேன். முழுவதையும் படித்துவிட்டு அழு. நடுவில் நிறுத்தி அழுதாயானால் தப்பாகப் புரிந்துகொள்வாய்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வாய். சலவைக் கடை ஓடுகிறது. போன வாரம் ஒருவர் காலரில் கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்தார், விரித்துப் பார்த்தால் அது கறையே இல்லை, துணியில் போட்ட பூ. அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் எனக்கே பாவமாகிவிட்டது. சமையல் நானேதான், சாப்பிடுவதும் நானே என்பதால் குறை சொல்ல ஆள் இல்லை. அம்மா இருந்தால் உப்பு இல்லை என்றாவது ஒரு வார்த்தை வரும். அவள் மேஜையை அப்படியே வைத்திருக்கிறேன், மைக்ராஸ்கோப்பை மட்டும் அவள் வேலை பார்த்த காலேஜ்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் மேஜையின் நிறம் வேறாக இருக்கிறது. அங்கே ஒரு டம்ளர் வைக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் திணறுவது உனக்கு ஞாபகம் இருக்கும். செடிகளுக்கு டாக்டரா என்பார்கள், இல்லை, நோயின் கட்சி என்பேன். இந்த வட்டாரத்தில் தானாக முளைக்கிற காட்டுச் செடிகளில் என்னென்ன பூசணம் ஒட்டிப் பிழைக்கிறது, இரும்புத் துரு மாதிரி இலையில் படிகிற துரு நோய் எது, சாம்பல் நோய் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவது. யாரும் விதைக்காத செடி, யாரும் கவலைப்படாத நோய், அதற்கு அவள் ஆயுசையே கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் தோளைத் தட்டுவாள், நிறுத்துங்க நிறுத்துங்க, அங்க ஒண்ணு வெளிறி நிக்குது என்பாள். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். இலைகளைத் தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் ஈரம் ஊறிப்போகும், தினமும் தாளை மாற்றவேண்டும், அந்தத் தாள்களைக் கடையில் இஸ்திரி போட்டுக் காயவைத்துக் கொடுத்தது நான்தான். ஒருநாள் ஒரு வெள்ளைச் சட்டையில் ஆரஞ்சு நிறத்தில் தூள் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. சலவைக்காரனுக்கு உலகத்திலேயே பிடிக்காத சாமான் துரு, அவனுக்கு வாய்த்தவளோ துருவைத் தேடி ஊர் சுற்றுகிறாள் என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். அவள் அந்தச் சட்டையை வாங்கி லென்ஸில் பார்த்துவிட்டு, இது ரொம்ப நல்ல துருங்க, வெளுக்காதீங்க என்றாள்.

அந்தச் செடியை அவள் கண்டது ரயில்வே சரக்குக் கொட்டகைக்குப் பின்னால், மண் சரிவில். செடி சாதாரணமானது, ஆனால் அதன் மேல் இருந்த துருவை யாரும் எழுதிவைத்ததாக அவளுக்குத் தெரியவில்லை. நோய் பிடித்த தண்டு மட்டும் மற்றதைவிட உயரமாக, வெளிறி நிற்கும், பூக்காது, இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சுக் கிண்ணங்கள் குட்டிக் குட்டியாக இருக்கும். ஆனால் ஆரஞ்சை வைத்து இன்னது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். பருவத்தின் கடைசியில் அதே செடியில் கறுப்புப் புள்ளிகள் வரும், அந்தக் கறுப்புத் தூளைப் பார்த்தால்தான் தெரியும். கறுப்பு வரட்டும் என்று காத்திருந்த சமயத்தில் வடிகால் தோண்ட வந்தவர்கள் சரிவையே வழித்தெடுத்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரே ஒரு செடி, பாதி வேர் வெளியே தெரிய விழுந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்து கடையில் துணிக்குக் கஞ்சி போட வைத்திருந்த பழைய வாளியில் நட்டாள். வேறு எங்கேயும் அந்தத் துரு கிடைக்கவில்லை. அவள் தேடாத இடம் இல்லை. இந்தப் பூசணம் உயிருள்ள செடியில் மட்டும்தான் உயிரோடு இருக்கும், ஆக உலகத்தில் அவள் அறிந்தவரை அது இருந்த ஒரே இடம் நம் கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இருந்த அந்த வாளி. இரண்டாவது தடவை ஆரஞ்சு வந்தது. கறுப்புக்குக் காத்திருந்தாள். அப்போதுதான் அவளுடைய சிறுநீரகம் காலை வாரியது.

நீ லீவு போட்டு ஓடிவந்தாய். நான் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தேன், நீ பகலெல்லாம் வீட்டைப் பார்த்தாய். அம்மா வீடு திரும்பும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று திரையெல்லாம் துவைத்தாய், அலமாரி துடைத்தாய், மேஜையில் அவள் தாள்களைத் தொடாமல் சுற்றித் துடைத்தாய். அவ்வளவு கவனம் உனக்கு. தொட்டி பக்கத்தில் ஒரு செடி நோயில் கிடக்கிறதே என்று வெளிறிய தண்டுகளை ஒன்று விடாமல் அடியோடு கிள்ளி எறிந்தாய், மிச்ச இலைகளை ஈரத்துணியால் துடைத்தாய். உன்மேல் ஒரு துளி குற்றம் இல்லை பாப்பா, முதலில் அதை மனதில் வாங்கிக்கொள். கறையைக் கண்டால் கை சும்மா இருக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சலவைக் கடையில் வளர்ந்த பிள்ளை வேறு என்ன செய்யும்.

அம்மாவைக் கைத்தாங்கலாகப் பின்கட்டுக்குக் கூட்டிவந்தபோது நீதான் காட்டினாய், பாரும்மா உன் செடி எப்படித் தேறிடுச்சு என்று. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம்தான், கண் வாளியிலேயே நின்றது. அப்புறம் உன் தலையைத் தடவி, ஆமாடி கண்ணு, ரொம்ப நல்லா இருக்கு என்றாள். நீ ஊருக்குக் கிளம்பிப் போனபிறகுதான் எனக்குச் சொன்னாள். நான் குப்பைத் தொட்டிக்கு ஓடினேன், அது எப்போதோ காலியாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அவள் அழவில்லை. நான் பொழைக்கணும்னு நெனச்சு பொண்ணு செடியைப் பொழைக்க வெச்சிருக்கா, அதுக்கு யாரு என்ன சொல்ல முடியும் என்றாள். கொஞ்சம் கழித்து, மறுபடி நோய் வந்தா அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க, வரலைன்னா எந்தக் காலத்துலயும் வாயத் தொறக்காதீங்க என்றாள். சத்தியம் எல்லாம் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதமே போய்விட்டாள். நீ திரும்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்றைக்கு நீ வெறுந்தரையில் உட்கார்ந்து என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. அம்மாவுக்குன்னு நான் செஞ்சது அந்தச் செடி ஒண்ணுதாம்பா என்றாய். அதற்கப்புறம் ஒவ்வொரு போனிலும் அம்மா செடி எப்படி இருக்கு என்று கேட்பாய். பச்சைப்பசேல்னு இருக்கு கண்ணு என்பேன். உண்மைதான், ஒரு புள்ளி கிடையாது. நீ சந்தோஷப்பட்டுக்கொண்டு போனை வைப்பாய், நான் போய் வாளி முன்னால் நிற்பேன். ஒரு செடிக்கு நோய் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட மனுஷன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. அம்மாவோடு வேலை பார்த்த பெண், கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்குமே, நீ பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தாயே, அவள் அடிக்கடி வந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், தேநீர் குடித்துவிட்டுப் போவாள். அம்மாவின் கணக்கெடுப்பு புத்தகமாக வரப்போகிறது, இந்த ஒன்று மட்டும் பாதியில் நின்றது. விட்டுவிடலாமா சார் என்று ஒருநாள் கேட்டாள். உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டேன், சொன்னபிறகு கடையில் உட்கார முடியவில்லை. அவளே மறுவாரம் வந்து, இன்னும் ஒரு பருவம் பார்த்துடலாம் சார் என்றாள்.

பாப்பா, இந்த வருடம் குளிர் விட்டதும் மண்ணிலிருந்து புதுத் தண்டுகள் வந்தன. அதில் ஒன்று வெளிறி, மற்றதைவிட உயரமாக வந்தது. எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும் என்றேன் அல்லவா, அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். கண்தான் ஏமாற்றுகிறதோ என்று அம்மாவுடைய பழைய லென்ஸைத் தேடி எடுத்து இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஆரஞ்சுக் கிண்ணங்கள். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன், என்னங்க என்று உள்ளேயிருந்து பதில் வரும் என்று நின்றேன். வரவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். அவள் செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை, அன்று உன்னைத் தேற்றவேண்டியிருந்தது.

உனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். பாதிச் சேதியைச் சொல்ல மனம் வரவில்லை, கறுப்பும் வரட்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன். கடையில் இருக்கும் தம்பி செடிக்கு மருந்து அடிக்கலாமா ஐயா என்று கேட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். போன வாரம் கறுப்பு வந்துவிட்டது. பூதக்கண்ணாடி ஓர் இலையைக் காலேஜுக்கு எடுத்துப்போய் என்னையும் கூட்டிப்போனாள், அம்மாவின் மைக்ராஸ்கோப் அங்கே ஜன்னல் ஓரமாக இருக்கிறது, அதில் என்னைப் பார்க்கச் சொன்னாள். பழுப்பாக, நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு அறையாக, அடியில் மெல்லிய காம்போடு, தூள் என்று நான் இத்தனை காலம் தட்டிவிட்டதெல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாரும் எழுதாத துருதான் சார், மேடம் சந்தேகப்பட்டது சரி என்றாள். அம்மா உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.

அப்புறம் பூதக்கண்ணாடி ஒன்று சொன்னாள், இந்தக் கடிதமே அதற்காகத்தான். இலையெல்லாம் போனபிறகும் நோய் திரும்பியிருக்கிறது என்றால் பூசணம் வேரில் குடியிருக்கிறது என்று அர்த்தமாம். தண்டு முழுவதையும் யாராவது கிள்ளி எறிந்து ஒரு வருடம் காத்திருந்தால் ஒழிய இது தெரிய வழியில்லை, மேடம் கை அதைச் செய்திருக்கவே செய்யாது சார், ஒரு இலை பறிக்கவே யோசிப்பாங்க என்றாள். அதைப் புத்தகத்தில் எழுதவேண்டும், நோயுற்ற தண்டுகளை நீக்கியவர் என்று உன் பெயரைப் போடலாமா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். அம்மாவின் பெயருக்குக் கீழே இரண்டு வரி தள்ளி வரும். யோசித்துச் சொல். அம்மா இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்ற குறை எனக்குச் சாகும்வரை தீராது, அதில் உன்னைச் சேர்க்கமாட்டேன், நீயும் உன்னைச் சேர்த்துக்கொள்ளாதே.

ஓர் இலையை இந்தக் கவரில் வைத்து அனுப்பலாம் என்று பார்த்தேன், நோயை நாடு கடத்தப் பார்க்கிறீங்களா சார் என்று பூதக்கண்ணாடி அலறிவிட்டாள். இலை அங்கே வரக்கூடாது, அதனால் நீதான் இங்கே வரவேண்டும். அம்மா போனதிலிருந்து நீ இந்த வாசலை மிதிக்கவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியும், கேட்கமாட்டேன். குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. வந்து ஆசைதீரப் பார், கை மட்டும் வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையின் இருமலை அசட்டையாக விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், நல்லபடியாக, நீண்டகாலம் இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உங்களுக்கு உண்டு, அவள் பங்கையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வந்துசேரப் பல நாள் ஆகும். இன்று சாயங்காலம் நீ போன் பண்ணுவாய், அம்மா செடி எப்படி இருக்கு என்று கேட்பாய். பச்சைப்பசேல்னு இருக்கு கண்ணு என்பேன். அந்த வெளிறிய தண்டு வரும்வரை அது உண்மை, அதற்கப்புறம் பொய். கடிதம் வந்து சேரும்வரை அப்படித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா