அப்பாவின் நாலெழுத்து இங்கிலீசு

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
மாசி 14

அன்பு மகள் பிறேமினிக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகளும் பேர்த் நகரில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எங்களைக் கேட்டால், எனக்கு முழங்காலையும் கண்ணையும் தவிர எல்லாம் சுகம், அப்பாவுக்கு வாயைத் தவிர எல்லாம் சுகம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் மறுப்புச் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

மறதி கிளினிக்கிலிருந்து வந்த கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பி உன்னை அழவைத்ததும் அவர்தான், ஆகவே நடந்ததை முதலிலிருந்து கேள். கார்த்திகையில் ஒரு ஞாயிறு காரில் பூசைக்குப் போனவர் பஸ்சில் திரும்பி வந்தார், வந்து கார் களவு போய்விட்டது என்று பொலிசுக்குப் போனும் அடித்துவிட்டார், காரோ கோயில் வளவிலேயே நின்றது. டொக்டர் உடனே அந்தக் கிளினிக்குக்கு எழுதிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவர்கள் கேட்க, "முப்பது வருசம் இஞ்ச தபால் பிரிச்சனான், எனக்கென்னத்துக்கு" என்று இவர் மறுத்துவிட்டார்.

இவருடைய இங்கிலீசு என்ன இங்கிலீசு என்று உனக்குத் தெரியாது, நீ கலியாணம் முடித்துப் போன பிறகு பிடித்த வருத்தம் இது. பென்சன் எடுத்த நாளிலிருந்து ஸ்ரேசனில் சும்மா கிடைக்கும் பேப்பரைத் தூக்கி வந்து குறுக்கெழுத்து நிரப்புகிறார். அந்தக் கட்டங்களுக்குள் வருவதெல்லாம் வெள்ளைக்காரரே மறந்துபோன சட்டி பானைகளின், குழாய்களின், கிழங்குகளின் பழைய பெயர்கள். ஜக் என்றால் இவருக்கு 'யூவர்', குழாய் என்றால் 'டக்ட்', கிழங்கு என்றால் 'எடோ', நாலெழுத்தில் அடங்கினால்தான் நல்ல இங்கிலீசாம். தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருக்கும் குகநாதனிடம் போய் எடோ இருக்கிறதா என்று கேட்க, அந்த மனிசன் ஏதோ மருந்து கேட்கிறார் என்று நினைத்துப் பக்கத்துப் பாமசியைக் காட்டினாராம்.

கிளினிக்கில் ஒரு நேர்ஸ் பிள்ளை ஜக்கின் படத்தைக் காட்டினாள். இவர் "யூவர்" என்றார். அது அவளுக்கு 'யூ ஆர்' என்று கேட்டிருக்கிறது, தன்னை ஏதோ சொல்ல வருகிறார் என்று மிச்சத்துக்குக் காத்திருந்தாள் பாவம். அடுத்தது பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் குழாய். "டக்ட்" என்றார், அவள் 'டக்' என்று, அதாவது தாரா என்று எழுதிக்கொண்டாள். உருளைக்கிழங்கைப் பார்த்து "எடோ" என்றதும் நான் பொறுக்க ஏலாமல் இவர் தொடையில் கிள்ளினேன், உதவி செய்யக்கூடாது என்று என்னை வெளியே இருத்திவிட்டார்கள். பிறகு வந்ததுதான் இவர் உனக்கு அனுப்பிய அந்தக் கடிதம், பொருட்களின் பெயர் தெரியவில்லை, மறு சோதனை வரைக்கும் கார் ஓடக்கூடாது என்று. கார் இல்லாமல் கண்ணுக்கு ஊசி போட நான் இரண்டு பஸ் மாறிப் போனேன், வழி முழுக்க இவர் பஸ் என்பது எந்தச் சொல்லின் குறுக்கம் என்று எனக்குப் படிப்பித்துக்கொண்டு வந்தார்.

இவர் நிரப்பிய குறுக்கெழுத்தில் முப்பதைக் கிளிப் போட்டு, யூவரையும் டக்ட்டையும் எடோவையும் சிவப்பால் கோடிட்டு, ஒரு கடிதத்தோடு கிளினிக்குக்கு அனுப்பினேன். திரும்பவும் கூப்பிட்டார்கள். இந்த முறை மொழிபெயர்ப்பாளரை நானே கேட்டு வைத்தேன், சந்திரவதனா என்று பக்கத்து ஊர் ரூட்டிங்கில் இருக்கிற பிள்ளை. காலையில் தேத்தண்ணியைக் கொடுத்து, "இண்டைக்கு இங்கிலீசில வாய் திறந்தியள் எண்டா நான் பிறேமினியிட்டப் போயிடுவன்" என்றேன். என்னை மறுபடியும் வெளியே இருத்தினார்கள். நாற்பது நிமிடம். உனக்குச் சொன்னால் என்ன, அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததுதான் சரியோ என்று எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் கொஞ்ச நாளாக வீட்டிலும் "அதை எடும், இதை எடும்" என்கிறாரே தவிரப் பொருளின் பெயர் வருவது குறைவு.

முடிந்ததும் டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். படங்கள் எல்லாவற்றுக்கும் அப்பா தமிழில் பெயர் சொல்லியிருக்கிறார், கிழங்கைத் தோலோடுதான் அவிக்க வேண்டும் என்று சமையலும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஞாபகத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்த மூன்று சொல்லில் ஒன்றுதான் திரும்பி வந்ததாம். பெயர்களில் குறை இல்லை, ஞாபகத்தைக் கவனிக்க வேண்டும், கார் ஓடலாம், ஆறு மாதத்தில் வரட்டும் என்றார். கடைசியாக விரும்பியதை ஒரு வசனம் எழுதச் சொன்னார்களாம், அதைச் சந்திரவதனா எனக்கு வாசித்துக் காட்டினாள். "என்ர மனிசி வெளியில இருக்கிறா. பாத்தால் கோபம் மாதிரித் தெரியும், ஆனா பயந்துபோய் இருக்கிறா. கெதியா முடியுங்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பயந்தேன் என்று இவருக்கு யார் சொன்னது? பஸ்சில் வீடு வரும்வரை இவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன், அதுவும் இவர் வேறு எங்கேயாவது இறங்கிவிடக்கூடாது என்பதற்காக.

நீ இனி அழாதே. பிள்ளைகளை வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே. உன் பாஸ்போட் வைகாசியோடு முடிகிறது, அதை இப்போதே புதுப்பித்து வை, நான் வா என்று சொல்லவில்லை, புதுப்பித்து வை என்றுதான் சொல்கிறேன். ஆண்டவரின் கை உங்கள் நால்வர் தலையிலும் இருக்கட்டும்.

உன்னை நினைத்திருக்கும் அம்மா,
பியற்றிஸ் கிறிஸ்துராஜா